நான்காம் நாள் ரத்தம்

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் என் பழைய லேப் ஆட்கள் ஆறு பேர் கூடினோம். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணையும் அழைத்து வந்திருந்தார்கள். ரசத்தை ஊற்றிக்கொண்டே அவள் என்னிடம் கேட்டாள்.

"ஆன்டி, உங்க காலத்துல பேஷண்ட் சாப்பிட்டிருந்தா கொலஸ்ட்ரால் டெஸ்டே செய்ய மாட்டீங்களாமே? ரிஜெக்ட் பண்ணிடுவீங்களாம். இப்ப நாங்க அதெல்லாம் பாக்கறதே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். "மல்லிகா அக்காகிட்ட ஒரு டியூப் பாஸாகறது லைசன்ஸ் டெஸ்ட் பாஸாகற மாதிரி லா. பாதிப் பேருக்கு பெயில்தான்" என்றான் ஒருவன். நானும் சிரித்து வைத்தேன். அதற்கப்புறம் பாதிச் சோற்றிலேயே இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். அந்தப் பெண்ணுக்கு அங்கே சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. கிள்ளான் பக்கம் ஓர் அரசாங்க மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிற லேப் டெக்னாலஜிஸ்ட். முப்பத்தேழு வருடம் அதுதான் வேலை. அதற்கு முன் கோலாலம்பூரில் மூன்று வருடப் பயிற்சி. விடுதிச் சாப்பாடு, நோட்டுப் புத்தகம், பரீட்சை என்று அது போய்விட்டது. அந்த நோட்டுப் புத்தகத்தில் இருந்த ஒரு வரியை மட்டும் சொல்லியாக வேண்டும். மாரடைப்பு வந்தவருக்குக் கொழுப்பு அளவை முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு உடம்பு அடிபட்ட நிலையில் அந்த அளவு தானாகவே இறங்கிவிடும், சில வாரங்களுக்கு அது பொய்யாகத்தான் இருக்கும் என்பது அந்த வரி. படித்தேன். பரீட்சையில் கேட்டார்கள், எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். பிறகு மறந்தேன் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். மறக்கவில்லை. அது டாக்டர்கள் கவலை, என் கவலை இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

என் கவலை, ரத்தம் வெறும் வயிற்றில் எடுத்ததா என்பது. சாப்பிட்ட பிறகு எடுத்தால் ரத்தத்தில் ஒரு வகைக் கொழுப்பு ஏறும். அப்போதெல்லாம் கெட்ட கொழுப்பை நேராக அளக்க மாட்டோம். மற்ற மூன்று அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டு எடுப்போம். ஒன்று ஏறினால் கணக்குக் கொஞ்சம் சாயும். கொஞ்சம்தான். ஆனால் எங்கள் லேப்பில் அந்தக் கொஞ்சத்துக்கு இடம் கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் பட்டினி என்று டியூபோடு வரும் விண்ணப்பப் பாரத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் சிவப்பு மையில் 'டித்தோலாக்' என்று ஒரு முத்திரை. நிராகரிக்கப்பட்டது என்று அர்த்தம். அப்படி வரும் டியூபுக்கு எங்களுக்குள் 'சாப்பிட்ட ரத்தம்' என்று பெயர்.

இந்த ஒழுங்கெல்லாம் மிஸ்டர் பரம் வைத்தது. அவர்தான் எங்கள் லேப்புக்குத் தலைவர். காலை ஏழரைக்கு வருவார். வெள்ளைக் கோட்டில் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். தே தாரே டீ வரும், ஆறும், ஏடு கட்டும், அவர் தொடமாட்டார். முதலில் முந்தின நாள் நிராகரிப்புப் பதிவேட்டைப் படிப்பார். எத்தனை டியூப், எந்த வார்டு, என்ன காரணம், யார் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் பச்சை மையில் ஒரு டிக். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஏதாவது சந்தேகமான ரிசல்ட் என்றால் தாளை நம் பக்கம் மெதுவாகத் திருப்பி வைத்து, "இதுல உன் பேரப் போடுவியாம்மா?" என்று கேட்பார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நாங்கள் பத்து டியூபைத் திருப்பி அனுப்புவோம்.

அதிகமாகத் திருப்பி அனுப்புகிறவள் நான். கூட்டத்தில் அவர் என்னைக் காட்டி, "மல்லிகா டேபிள்ல குப்பை உள்ளயும் போகாது, குப்பை வெளியயும் வராது" என்று சொன்னதுண்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வார்டு பக்கம் வேறு பேச்சு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டாள் என்று ஒரு தமிழ் நர்ஸ் என் காது படவே சொன்னாள். பயிற்சி டாக்டர்கள் விவரமானவர்கள். எங்களிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, நோயாளி சாப்பிட்டாரோ இல்லையோ எல்லாப் பாரத்திலும் 'வெறும் வயிறு' என்றே எழுதக் கற்றுக்கொண்டார்கள். பொய் எழுதினால் டியூப் பாஸ். உள்ளதை எழுதினால் முத்திரை. இதைத் தரம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் சுவரில் சான்றிதழ் மாட்டி வைத்திருந்தோம்.

அப்படி உள்ளதை எழுதிய ஒரு பாரம், பதின்மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மேசைக்கு வந்தது. மாரடைப்பு. வயது நாற்பத்து மூன்று. கடைசியாகச் சாப்பிட்டது மதியம் ஒரு மணி. பெயரைப் பார்த்தேன். கலைச்செல்வன்.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிப் போகும் லோரி ஓட்டினார். கேட்டில் என்னைப் பார்த்தால், "அக்கா, இன்னிக்கு எத்தன பேரு ரத்தத்த உறிஞ்சீங்க?" என்று கேட்காமல் போக மாட்டார். மனைவி தேவிகா. ஒரே மகன் பிரவின், அப்போது இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவம், பதின்மூன்று வயது.

பாரத்தை இன்னொரு முறை படித்தேன்.  டியூபைச் சுழற்றி, மேலே நின்ற மஞ்சள் நீரைக் கொண்டு இதயத்துக்கான சோதனையைச் செய்தேன், உப்பு அளவையும் பார்த்தேன். பாரத்தில் மிச்சம் இருந்தது கொழுப்புச் சோதனை. அதே டியூப், அதே நீர், பாதிக்கு மேல் இருந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் போதும். நான் முத்திரையை எடுத்தேன்.

வார்டிலிருந்து பயிற்சி டாக்டர் போன் செய்தார். சின்ன வயது சீனப் பெண். ஆங்கிலத்தில் கெஞ்சினாள். முதல் நாள் ரத்தம்தான் சரியான ரத்தம், சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, ஓட்டிக் கொடுங்கள், குறிப்பு ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்றாள். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அந்த நோட்டுப் புத்தக வரியைத்தான் அவள் சொல்கிறாள் என்றும் தெரியும். எங்கள் விதிமுறையில் அப்படி இல்லை, நாளைக் காலை வெறும் வயிற்றில் எடுத்து அனுப்புங்கள் என்றேன். தெரிந்தவர் என்பதற்காக விதியை வளைக்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி வேறு. இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

சனிக்கிழமை காலை அவருக்கு யாரோ மைலோவும் ரொட்டியும் கொடுத்துவிட்டார்கள். சாப்பிட்ட ரத்தமாகிவிடும் என்று அன்றைக்கு எடுக்கவே இல்லை. ஞாயிறு எங்கள் லேப்பில் அவசரச் சோதனைகள் மட்டும்தான். கொழுப்பு அவசரம் இல்லை. திங்கட்கிழமை விடியற்காலையில், நான்காம் நாள், ஒழுங்காகப் பட்டினி கிடந்து எடுத்த ரத்தம் வந்தது. பாரம் சுத்தம். டியூப் சுத்தம். பாஸ். கெட்ட கொழுப்பு, எங்கள் நாட்டு அளவுமுறையில், இரண்டு புள்ளி ஆறு. அளவு மீறினால் எண்ணுக்குப் பக்கத்தில் இயந்திரம் 'எச்' என்று ஓர் எழுத்தை அச்சடிக்கும். எச் இல்லை.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தேவிகா நேராக லேப் ஜன்னலுக்கு வந்தாள். பின்னால் சக்கர நாற்காலியில் அவர், மடியில் மருந்துப் பை.

"அக்கா, இத கொஞ்சம் பாருங்கக்கா. டாக்டர் இங்கிலீஷ்ல மடமடன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. கொழுப்பு எப்படி இருக்கு?"

ரிசல்ட்டை விளக்குவது எங்கள் வேலை இல்லை. அந்த விதியும் எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி, பயந்து போய் நிற்கிறாள். தாளை வாங்கிப் பார்த்தேன். எச் இல்லை.

"நார்மல்தான் தேவிகா. பயப்படாத" என்றேன்.

அவள் அப்படியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவர் அங்கிருந்தே, "கேட்டியா? எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு இருவது வருசமா சொன்னியே! லேப் அக்காவே சொல்லிட்டாங்க, நார்மலாம்" என்றார். வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும்தான்.

அந்த ஒரு சொல்லில் இரண்டு பொய் இருந்தது. நான்காம் நாள் எண் என்பதால் அதை நம்பவே கூடாது; உண்மையான அளவு எவ்வளவு என்று வெள்ளிக்கிழமை டியூபுக்குத்தான் தெரியும். அதோடு, தாளில் அச்சடித்திருந்த அளவு நோயில்லாதவனுக்கு உள்ளது. ஒருமுறை மாரடைப்பு வந்தவனுக்கு இரண்டு புள்ளி ஆறே அதிகம்; அதைவிட நன்றாகக் கீழே இறக்க வேண்டும். இயந்திரத்துக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். எச் இல்லாததைப் பார்த்ததும் வாய் தானாக நார்மல் என்றது. அத்தனை வருடப் பழக்கம்.

டாக்டர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். எண் என்னவாக இருந்தாலும் மாரடைப்பு வந்தவருக்குக் கொழுப்பு மாத்திரை உண்டு. முதல் நாளிலிருந்தே கொடுத்திருந்தார்கள்; நான்காம் நாள் எண் அவ்வளவு இறங்கியதில் அதற்கும் பங்கு உண்டு. மூன்று நான்கு மாதம் போயிருக்கும், ஒரு சாயங்காலம் கேட்டில் நின்று அவரே கேட்டார்.

"அக்கா, இந்தக் கொழுப்பு மாத்திர போட்டா தொடையெல்லாம் வலிக்குது. கிளச் மிதிக்க சூசா லா, கஷ்டமா இருக்கு. நார்மலா இருக்கறவனுக்கு அது எதுக்கு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த நார்மல் நார்மல் இல்லை, அது தப்பான நாளில் எடுத்தது, முதல் நாள் ரத்தத்தைத் திருப்பி அனுப்பியவள் நான்தான் என்று. மூன்று வாக்கியம். "டாக்டர கேட்டுக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் குழம்பு இருந்தது என்று ஒரு சாக்கு.

அவர் டாக்டரைக் கேட்கவில்லை. மற்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு அதை மட்டும் விட்டுவிட்டார். அடுத்த முறை கிளினிக்கில் கேட்டபோது, போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். இதைத் தேவிகாதான் பின்னால் சொன்னாள்.

வருடம் திரும்புவதற்குள் ஒரு காலையில் ரவாங் பக்கம் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தவர், லோரியை அவசரப் பாதையில் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, எச்சரிக்கை விளக்கையும் போட்டுவிட்டு, ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பின்னால் வந்த லோரிக்காரர் இறங்கிப் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

சாவு வீட்டில் தேவிகா வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள். "எல்லாம் நார்மலாத்தான் இருந்துச்சு. லேப் அக்காவே ரிப்போர்ட்டப் பாத்துச் சொன்னாங்க. அப்புறமும் போயிட்டாருன்னா விதிதானே?" என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். நான் கையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அது ஆறுதல், அதை ஏன் பிடுங்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாக்கு அது. பன்னிரண்டு வருடம் உழைத்தது.

காரியம் முடிந்த வாரம் மிஸ்டர் பரத்தின் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாரடைப்பு நோயாளிகளுக்காவது விதியை மாற்றுங்கள், முதல் நாள் ரத்தத்தை எடுத்துக்கொள்வோம், சாப்பிட்டிருந்தாலும் குறிப்புப் போட்டுக் கொடுப்போம் என்று கேட்டேன். அவர் பழைய பதிவேட்டை எடுத்து, அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவருடைய பச்சை டிக் இருந்தது.

"ரிஜெக்‌ஷன் சரியாத்தான் இருக்கும்மா" என்றார்.

"சார், நான் அவர்கிட்ட நார்மல்னு சொன்னேன்."

"எங்க சொன்ன?"

"கவுண்டர்ல."

"எழுதிக் குடுத்தியா?"

"இல்ல சார்."

"அப்ப விடு. எழுதாதது நடக்காதது. இதப்பத்தி வேற யார்கிட்டயும் பேசாத. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பதிவேட்டை மூடினார். தே தாரேயை எடுத்து ஒரு வாய் குடித்தார். அந்த மனிதர் மேல் பதினைந்து வருடம் எனக்கு இருந்த மரியாதை அந்த அறையிலேயே போய்விட்டது. ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. அவர் 'விடு' என்று சொன்னதும் எனக்கு உடம்பு லேசானது. விட்டுவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை அதே முத்திரையை எடுத்துக் குத்திக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் ஓய்வு பெறும் வருடத்தில் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கொழுப்புச் சோதனைக்குப் பட்டினி கட்டாயமில்லை, மாரடைப்பு நோயாளிகளுக்கு வந்தவுடனேயே ரத்தம் எடுக்கலாம் என்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவர் அதில் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு எங்கள் எல்லோருக்கும் சுற்றுக்கு விட்டார். ஒரு கூட்டம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. அத்தனை வருடம் நாங்கள் திருப்பி அனுப்பிய டியூபுகளில் எத்தனை கலைச்செல்வன்கள் இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிரியாவிடை விருந்தில் அவருக்கு ரோஜா மாலை போட்டார்கள். தரத்தின் தந்தை என்று யாரோ பேசினார்கள். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

இவ்வளவோடு இந்தக் கட்டுரை முடிந்திருக்கும். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாடு முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தேவிகா என் வீட்டுக்கு வந்தாள். கூடவே பிரவின். இப்போது சுங்கை பூலோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அப்பாவின் தோள், அப்பாவின் நடை. கையில் கம்பெனி கிளினிக்கின் ரிப்போர்ட்டும் ஒரு மாத்திரைப் பட்டையும்.

"அக்கா, இத நீங்களே பாத்துச் சொல்லுங்க. இந்த வயசுல இவனுக்குக் கொழுப்பு மாத்திரயாம். ஆயுசுக்கும் போடணுமாம். அப்பாவுக்கு எப்படின்னு டாக்டர் கேட்டாராம். அவருக்கு நார்மல்னு சொல்லியிருக்கான். அவருக்கே இல்லாதது இவனுக்கு எங்கேருந்து வரும்? மெஷின் ஏதோ தப்பு. மாத்திரயெல்லாம் வேணாம், லேப் ஆன்டி சொல்லட்டும்னு கூட்டிட்டு வந்தேன்."

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கெட்ட கொழுப்பு ஐந்து புள்ளி ஒன்பது. எச் இருந்தது. இருபத்தாறு வயதில் ஐந்து புள்ளி ஒன்பது என்றால், அது நாசி லெமாக் சாப்பிட்டு வந்ததாக இருக்காது. பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது, அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ. நாற்பத்து மூன்றில் மாரடைப்பு யாருக்கு வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெள்ளிக்கிழமை டியூபில் என்ன இருந்திருக்கும் என்பதற்குக் கிட்டத்தட்டப் பதில் என் கையில் இருந்தது.

'மெஷின் தப்பில்லை, டாக்டர் சொன்னபடி மாத்திரை போடு' என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். போட்டிருக்க மாட்டான். அப்பாவின் நார்மல் அந்த வீட்டில் பதின்மூன்று வருடமாக வேதவாக்கு. அதை உடைக்காமல் இவனைக் காப்பாற்ற வழியில்லை.

சொன்னேன். முத்திரை குத்தியது, அந்தச் சீனப் பெண் போனில் கெஞ்சியது, நான்காம் நாள் ரத்தம், ஜன்னலில் நான் சொன்ன சொல், கேட்டில் சொல்லாமல் விட்டது, எல்லாம். பிரவின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேவிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மாத்திரயப் போட்டிருந்தா இருந்திருப்பாரா?"

"நிச்சயமா யாராலயும் சொல்ல முடியாது தேவிகா. இருந்திருக்கலாம்."

"இது உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"அன்னியிலேருந்தே."

அவள் அழவில்லை. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"வருசா வருசம் திதிக்கு வர்றவங்ககிட்ட நான் சொல்லுவேன். லேப் அக்காவே பாத்தாங்க, எல்லாம் நார்மல்னு. நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருப்பீங்க" என்றாள்.

 பிரவின்தான் அசைந்தான். பட்டையிலிருந்து ஒரு மாத்திரையை அழுத்தி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். நான் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

தேவிகா அவன் கையைப் பிடித்து மூடினாள்.

"வேணாம்யா. இங்க வேணாம். நம்ம வீட்டுத் தண்ணியில போட்டுக்க."